ஒத்துழைக்காத தகப்பன்

என் கணவர் டுவைட் இறந்த பிறகுதான் எங்கள் மாவட்ட நிர்வாகம் அவர்மீது அக்கறை காட்டத் தொடங்கியது.

உயிரோடு இருந்தவரை அவரை யாரும் தேடியதில்லை. கில்பிரைட் மாவட்டப் பள்ளியின் மஞ்சள் பேருந்தை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். இருட்டோடு எழுந்து, பச்சை நிற எஃகு பிளாஸ்க்கில் காப்பி நிரப்பிக்கொண்டு கிளம்புவார். அவரைப் பற்றிப் பள்ளி அலுவலகத்துக்கு இருந்த ஒரே புகார், தாமதமாக வருகிறார் என்பதுதான். காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளை நிறுத்தத்தில் இல்லையென்றால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒரு காலில் ஷூவும் வாயில் ரொட்டியுமாக அது ஓடிவந்து ஏறிய பிறகுதான் வண்டி நகரும். ஏன் தாமதம் என்று அலுவலகத்தில் கேட்டால், "ரோட்ல பனி" என்பார். ஒஹாயோவில் பனி எப்போது விழும் என்பது அலுவலகத்துக்கும் தெரியும். சோளம் முளைக்கிற மே மாதத்திலும் அவர் அதையேதான் சொன்னார்.

ஜனவரியில் ஒருநாள் வாசல் பாதையில் பனியை வாரிக்கொண்டிருந்தவர் மண்வாரியைப் பிடித்தபடியே சாய்ந்தார். நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஓடிப்போவதற்குள் முடிந்துவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீடுகளிலிருந்து பாலாடைக்கட்டி போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கு கண்ணாடித் தட்டுகளில் வந்தது. பள்ளியிலிருந்து ஒரு பன்றித்தொடை வந்தது. கூடவே ஆழ்ந்த அனுதாபமும், விதிகளின் நகல் ஒன்றும். தாயோ தகப்பனோ இறந்தால் மாணவர் மூன்று நாள் துக்கப்படலாம். தாத்தா பாட்டிக்கு ஒரு நாள்.

நான்காம் நாள் எங்கள் மகள் ட்ரீனா பையை மாட்டிக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனாள். அவளுக்குப் பதினான்கு வயது. பேருந்து வந்து நின்றது, கதவு திறந்தது. அப்பாவின் இருக்கையில் வேறொருவர் இருந்தார். அவள் ஏறவில்லை. அறுத்த சோளத்தட்டைகள் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வயல்களின் ஓரமாக நடந்தே பள்ளிக்குப் போனாள். போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்திருந்தது. மறுநாளும் நடந்தாள். அதற்கு மறுநாளும்.

நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். விடிவதற்குள் அங்கே ஓட்ஸ் கஞ்சி கொதித்தாக வேண்டும். என்னால் காரில் கொண்டுபோய் விட முடியாது. பக்கத்து வீட்டில் கேட்கட்டுமா என்றேன்.

"வேணாம்மா. நடக்கறேன்."

"லேட்டாகுதேடி."

"ஆகட்டும். அந்தாளு நான் தயங்கி நிக்கும்போதே கதவை மூடிட்டுப் போயிட்டாரு. கரெக்ட் டைமுக்குப் போறாராம். பெருமை வேற."

எங்கள் மாவட்டத்தில் தாமதங்கள் சேர்ந்தால் வராத நாளாக மாறும். வராத நாட்கள் சேர்ந்தால் குற்றமாக மாறும். இந்தக் கூட்டலைப் பள்ளி தானே செய்து நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கும். மார்ச் மாதம் ட்ரீனாவுக்குச் சம்மன் வந்தது. பள்ளிக்குப் போகாமல் திரிந்த குற்றம். அவள் எங்கும் திரியவில்லை. தினமும் பள்ளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

கில்பிரைட் மாவட்டச் சிறார் நீதிமன்றமும் இளையோர் நலத்துறையும் ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. முன்பு அது மரச்சாமான் கடை. எங்கள் சோபாவை அங்கேதான் வாங்கினோம். சோபாக்கள் இருந்த இடத்தில் இப்போது குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. விலைச்சீட்டு தொங்கிய இடத்தில் பெயர்ச்சீட்டு. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஆள் உயர எழுத்தில் 'இங்கே ஒவ்வொரு குழந்தையின் குரலும் கேட்கப்படும்' என்று இருக்கும். அதற்குக் கீழே, 'அமைதி காக்கவும்.'

துறையின் முக்கியமான சடங்குக்குக் குடும்ப வட்டம் என்று பெயர். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் அட்டையை ஒட்டிவைப்பார்கள். பிள்ளை, தாய், தகப்பன், நன்னடத்தை அதிகாரி. அத்தனை பேரும் ஒத்துழைத்தால் குடும்பம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும், மஞ்சளிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் ஏறும். நீலம் வந்தால் வழக்கு முடிந்தது. எந்தக் காரணத்தாலும் ஒரு நாற்காலியை எடுக்கக்கூடாது. காலி நாற்காலி தன் கடமையை மறந்தவருக்கு அவமானமாக அங்கேயே கிடக்க வேண்டும் என்பது கொள்கை.

எங்கள் நன்னடத்தை அதிகாரி பிரெண்டன் என்ற இளைஞர். கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர், யாரைப் பார்த்தாலும் தலையைச் சாய்த்து இரக்கத்தோடு பார்ப்பவர். டுவைட் பெயர் ஒட்டிய நாற்காலியைக் காட்டி, "டுவைட் பார்க்கிங்ல இருக்காரா?" என்று கேட்டார்.

இறந்துவிட்டார் என்றேன்.

அவர் முகம் வாடியது. உண்மையாகவே வாடியது. பிறகு கணினியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப வருத்தமா இருக்கு நோலா," என்றார். "ஆனா இதுல மூணுதான் இருக்கு. வந்தார், வரலை, வர மறுத்தார். நான் வரலைன்னே போடறேன். மறுத்தார்னு போட்டா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அந்த உதவிக்கு நான் நன்றி சொன்னேன்.

மறுநாள் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி முத்திரை குத்தினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. கணவருக்காக மனைவி அளித்த விளக்கத்தைத் துறை கவனத்தில் கொண்டுள்ளது, ஆனால் துறையின் கொள்கைப்படி தகப்பன்மார்கள் தங்கள் விளக்கத்தைத் தாங்களே நேரில் அளிக்க வேண்டும்.

அதன் பிறகு டுவைட்டுக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. தகப்பன்மார்களுக்கான வகுப்புக்கு அழைப்பு வந்தது, அதற்கு நினைவூட்டல் வந்தது. 'நீங்கள் இல்லாத குறையை உணர்கிறோம்' என்று ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதை மட்டும் நான் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மாவட்டத்தில் வேறு யாரும் அதை அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை.

விசாரணையன்று எங்கள் குடும்பம் சிவப்பிலேயே இருந்தது. நீதிபதி பெல்மன் அம்மையார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் பேசினார். வெள்ளை முடி, முத்துத் தோடு, தேவாலயத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு மிட்டாய் கொடுப்பார் என்று தோன்றும் முகம்.

"மிஸஸ் ப்ருக்கர், இந்த நாற்காலியில உக்காந்து இருபது வருஷமா இதைத்தான் பாக்கறேன். அப்பன் காணாமப் போவான். அம்மா அவனுக்குப் பரிஞ்சு பேசுவா. வேலைல இருக்காரு, ஊர்ல இல்ல, உடம்பு சரியில்லன்னு என்னென்னமோ சொல்வாங்க. நீங்க கொஞ்சம் அதிகமாவே போயிட்டீங்க."

"அவரு காணாமப் போகலைங்க. எங்க வீட்ல ஃபிரிட்ஜ் மேல அட்டைப்பெட்டியில இருக்காரு."

நான் சொன்னது உண்மை. உடலை எரித்துச் சாம்பலை அப்படித்தான் கொடுத்தார்கள். கலசம் வாங்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனால் நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என் பெயருக்கு எதிரே 'விரோத மனப்பான்மை' என்று பதிவானது. தகப்பன் ஒத்துழைக்காத, தாய் விரோதமான வீட்டில் பிள்ளை இருப்பது பிள்ளைக்கு நல்லதல்ல என்பதால், எங்கள் குடும்பம் நீலத்துக்கு ஏறும்வரை ட்ரீனா இளையோர் மலர்ச்சி இல்லத்தில் தங்க வேண்டும் என்று உத்தரவு. அந்த இல்லத்தின் ஜன்னல்களில் கம்பி உண்டு. கம்பிகளைச் சுற்றிக் கொடிகளும் பூக்களும் வரைந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க விடுவார்கள். முதல் வாரம் அவள் கிண்டலாகப் பேசினாள். படுக்கையிலிருந்து வகுப்புக்குப் பத்தடி தூரம், அதற்கும் வரிசையில் நிற்கவைத்துக் கூட்டிப்போகிறார்கள், இப்போது தாமதமே ஆவதில்லை, தன்னை முழுசாகத் திருத்திவிட்டார்கள் என்றாள். இரண்டாம் வாரம் அவ்வளவாகப் பேசவில்லை. நான் சுட்டுக் கொண்டுபோன ஆப்பிள் கேக்கைத் தொடவில்லை. அதற்கடுத்த வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, அப்பா நெஜமாவே செத்துட்டாருல்ல?"

இல்லத்தின் ஆலோசகர் அவளிடம் பேசியிருக்கிறார். தகப்பன் விட்டுவிட்டுப் போனதை ஏற்க முடியாத பிள்ளைகள் அவர் இறந்துவிட்டதாகக் கற்பனை செய்துகொள்வது சகஜம், அந்தக் கற்பனையை விட்டால்தான் அவள் மலர முடியும் என்று சொல்லியிருக்கிறார். என் மகள் டுவைட்டின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தவள்.

அதுவரை நான் எல்லோரிடமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் துறைத் தலைவரைப் பார்க்கப் போனேன். ஹேதர்வே என்று பெயர். அகலமான மனிதர், அகலமான டை. சுவர் முழுக்க விருதுப் பலகைகள். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். இறந்துபோனவரை இறந்துபோனவர் என்று எழுத ஏன் முடியவில்லை என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நான் இங்க வந்தப்போ, மிஸஸ் ப்ருக்கர், நாலாவதா ஒரு கட்டம் இருந்துச்சு. 'இறந்தார்'னு. அப்பன் ஃபோனை எடுக்கலைன்னா எங்க ஆளுங்க அதுல ஒரு டிக் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நீங்க நம்ப மாட்டீங்க, இந்த மாவட்டத்துல அப்பன்மாருங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்தாங்க. நான் அந்தக் கட்டத்தையே எடுத்துட்டேன். அன்னிக்கிலேருந்து இந்த மாவட்டத்துல ஒரு அப்பன் சாகலை. மாநிலத்துலயே எங்கயும் இல்லாத சாதனை." எழுந்து ஒரு பலகையைத் தட்டிக்காட்டினார். "அதுக்குத்தான் இது."

பலகையில் ஒரு மனிதர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சூரியனை நோக்கி நடந்தார்.

"நாங்க எந்த அப்பனையும் கைவிடறதில்ல," என்றார். "டுவைட் வரட்டும். நாற்காலியில உக்காரட்டும். வகுப்பை முடிக்கட்டும். அன்னிக்கே உங்க பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா. இது என் வாக்கு."

"அவரு எந்த நிலைமையில இருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எந்த நிலைமையில இருந்தாலும் பரவாயில்ல. குடிச்சிருந்தாலும் சரி, ஜெயில்லேருந்து வந்தாலும் சரி. இருக்கற நிலையிலயே ஏத்துக்கறதுதான் எங்க கொள்கை."

அதை எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பதாகச் சொல்லி ஒரு வண்ணத்தாளைக் கொடுத்தார்.

அன்று மாலை டுவைட்டின் பச்சை பிளாஸ்க்கைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அட்டைப்பெட்டியைத் திறந்தேன். அந்த பிளாஸ்க்கின் அடியில் ஒரு நசுங்கல் இருக்கும், பேருந்துப் படியில் உருண்டு விழுந்தபோது ஏற்பட்டது. உள்ளே முழுவதும் கொள்ளவில்லை. பாதிதான் பிடித்தது. மூடியைத் திருகி, காலையில் கொடுத்தனுப்புவது போலத் துணியால் ஒருமுறை துடைத்தேன்.

அடுத்த குடும்ப வட்டத்தன்று அதை எடுத்துக்கொண்டு போனேன். நீதிமன்ற வாசலில் பரிசோதனை உண்டு. காவலர் ரஸ்டி, தடித்த சிவந்த ஆள், கையை நீட்டித் தடுத்தார்.

"மேடம், காப்பி உள்ள கொண்டுபோகக் கூடாது."

"காப்பி இல்ல. டுவைட்."

அவர் பிளாஸ்க்கைப் பார்த்தார். நசுங்கலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மில் ரோடு நிறுத்தம்," என்றார். "நான்தான் எப்பவும் லேட்டு. எங்க வீட்ல காலைல எழுப்ப ஆள் கிடையாது. மனுஷன் ஹாரன்கூட அடிக்க மாட்டாரு. சும்மா கதவைத் திறந்துவெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதனாலயே ஓடி வரத் தோணும்."

பிளாஸ்க்கை இரண்டு கையாலும் வாங்கி, இயந்திரத்துக்குள் விடாமல் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மேசைக்குப் போய் ஒரு பார்வையாளர் சீட்டில் 'டுவைட் ப்ருக்கர், தகப்பன்' என்று எழுதி அதன் வயிற்றில் ஒட்டினார். உள்ளே வரும் யாராக இருந்தாலும் சீட்டு ஒட்டியாக வேண்டும், விதி விதிதான் என்றார்.

வட்டத்தில் டுவைட்டின் நாற்காலியில் பிளாஸ்க்கை வைத்தேன். பிரெண்டன் அதையே பார்த்தார். சீட்டைப் படித்தார். நான் அந்த வண்ணத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 'இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்கிறோம்.' அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தார். நல்ல பையன்தான். மெதுவாக ஒரு விசையைத் தட்டினார்: 'வந்தார்.'

"முழுசா வந்திருக்காரா?" என்று கேட்டார்.

"பாதி. மீதி வீட்ல."

'பகுதி ஒத்துழைப்பு' என்று குறித்துக்கொண்டார். திரையில் எங்கள் குடும்பம் மஞ்சளானது.

அப்போதுதான் ட்ரீனாவைக் கூட்டிவந்தார்கள். இல்லத்துச் சாம்பல் நிற ஸ்வெட்டர், இறுக்கிக் கட்டிய தலைமுடி. நாற்காலியைப் பார்த்தாள். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக என் மகள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழுகை வரும்வரை சிரித்தாள். தகப்பன் வந்ததும் பிள்ளையிடம் உணர்ச்சி மாற்றம் தெரிந்ததாகப் பிரெண்டன் பதிவு செய்தார்.

ஹேதர்வே எட்டிப்பார்த்தார். அவர் எப்போதும் கையில் காலிக் கோப்பையோடு திரிகிறவர். பேசிக்கொண்டே நாற்காலிப் பக்கம் வந்து பிளாஸ்க் மூடியில் கை வைத்தார்.

"சார்," என்றாள் ட்ரீனா, "அது எங்க அப்பா."

கையை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவருக்குள் இரண்டு பேர் சண்டை போடுவது எனக்குத் தெரிந்தது. ஒருவர் இதை நிறுத்தச் சொன்னார். இன்னொருவர், மாநிலத் தலைநகரிலிருந்து அடுத்த மாதம் பார்வையாளர்கள் வரப்போவதையும், மாவட்டம் முழுக்க மஞ்சளைத் தாண்டிய குடும்பங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்கே இருப்பதையும் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டாமவர் வென்றார். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் டுவைட்," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

தகப்பன்மார்களுக்கான வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில் மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்தில் நடக்கும். தாய்மார்களுக்கு அனுமதி இல்லை. அதனால் வாசலில் இறக்கிவிட்டு, முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்வேன். மற்ற தகப்பன்மார்கள் முதலில் நெளிந்தார்களாம். பிறகு பழகிவிட்டது. கழுத்தில் பாம்பு பச்சைகுத்திய ஒருவர் ஒவ்வொரு வாரமும் டுவைட்டுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். ஒருநாள் தேவாலய வாசலில் என்னிடம் பிளாஸ்க்கைக் கொடுத்தவர், "எங்கப்பன்கிட்ட சொல்ல முடியாததெல்லாம் இவருகிட்ட சொல்லிட்டேங்க, தப்பா நெனைக்காதீங்க," என்றார். நினைக்கவில்லை என்றேன்.

டுவைட்டின் அறிக்கைகள் என்னிடம் இருக்கின்றன. குறுக்கிடாமல் கேட்கிறார். குரலை உயர்த்துவதில்லை. வகுப்பு நடக்கும்போது கைப்பேசியைப் பார்க்காத ஒரே தகப்பன். மதுச் சோதனையில் சுவாசத்தில் மது இல்லை. சிறுநீர் மாதிரி கேட்டதற்குத் தரவில்லை, ஆனால் மறுப்பும் தெரிவிக்கவில்லை. திடீர்ப் பரிசோதனைக்கு வீட்டுக்கு வந்த பெண் அலுவலரிடம் ஃபிரிட்ஜ் மேல் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டு போனது இது: 'தகப்பன் பாதி வீட்டிலும் பாதி வெளியிலும் இருக்கிறார். உழைக்கும் தகப்பன்மார்கள் பலரின் நிலைமை இதுவே. நடவடிக்கை தேவையில்லை.'

நாங்கள் பச்சையானோம்.

மே மாதத் தொடக்கத்தில் இறுதி விசாரணை. தலைநகரிலிருந்து வந்தவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஹேதர்வே புது டை கட்டியிருந்தார். ட்ரீனா என் பக்கத்தில் உட்காரக்கூடாது, நான் விரோத மனப்பான்மை உள்ளவள். அதனால் அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாற்காலியின் கீழே அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. இன்று நீலம் வராவிட்டால் கோடை முழுவதும் இல்லம்தான் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

நீதிபதி பெல்மன் அம்மையார் அறிக்கைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இளகியது. அவர் பிளாஸ்க்கைப் பார்க்கவில்லை. அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். அந்தக் கட்டிடத்தில் எல்லோரும் எல்லோரிடமும் பார்ப்பது அதைத்தான்.

"மிஸ்டர் ப்ருக்கர்," என்றார். "உங்களைப் பத்தி நான் தப்பா நெனைச்சிருந்தேன். இந்த நீதிமன்றம் அதை ஒத்துக்குது. உங்க பொண்ணை உங்க பொறுப்புல விடலாம்னு இருக்கேன். அம்மா பொறுப்புல இல்ல, உங்க பொறுப்புல. ஒரே ஒரு கேள்வி. தினமும் காலைல அவ பள்ளிக்கூடம் போறதை நீங்க பாத்துக்குவீங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"மிஸஸ் ப்ருக்கர், நீங்க வேணாம். இத்தனை நாளும் அவருக்குப் பதிலா நீங்களே பேசினதுதான் பிரச்சினையே. அவரு பேசட்டும்."

நீதிபதி முன்னால் சாய்ந்தார். தலைநகரிலிருந்து வந்தவர்களும் சாய்ந்தார்கள். பிரெண்டன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேதர்வேயின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ட்ரீனாவின் கால் ஆடுவது நின்றுவிட்டது. அவள் கை மெதுவாக நீண்டு பிளாஸ்க்கின் மேல் படிந்தது. எனக்கு அந்தக் கணத்தில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு முறை அவர் தொண்டையைச் செருமினால் போதும்.

கதவருகே நின்ற ரஸ்டி இருமினார். "மன்னிக்கணும் அம்மா. அவரு பஸ்லயும் பேசமாட்டாரு. எல்லாரும் ஏர்ற வரைக்கும் சும்மா காத்திருப்பாரு. அவ்வளவுதான்."

நீதிபதி பின்னால் சாய்ந்துகொண்டார்.

"இந்த அறையில எத்தனையோ அப்பன்மாரைப் பாத்துட்டேன். கத்துவாங்க, அழுவாங்க, பொண்டாட்டி மேல பழி போடுவாங்க, பைபிள் மேல சத்தியம் பண்ணுவாங்க. பதில் சொல்றதுக்கு முன்னால யோசிச்ச ஒரே மனுஷர் இவருதான்." சுத்தியலைத் தட்டினார். "சம்மதம்னு பதிவு பண்ணுங்க."

கைதட்டினார்கள். திரை நீலமானது.

வெளியே வரும்போது ஹேதர்வே எங்களை வழிமறித்தார். அடுத்த மாத விருந்தில் டுவைட்டுக்கு ஆண்டின் சிறந்த தகப்பன் விருது, அதுவரைக்கும் அவரைக் கொஞ்ச நாள் வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டார். வருகிற தகப்பன்மார்களுக்கு ஒரு உந்துதலாக இருக்குமாம்.

"என் பொண்ணைக் கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க," என்றேன். "இவரைக் கேட்டாலும் தரமாட்டேன். வழியை விடுங்க."

அவர் விலகி நின்றார். அவர் முகத்தில் தெரிந்தது உண்மையான வருத்தம்.

மறுநாள் காலை, இனி வேலைக்குத் தாமதமாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். கஞ்சியை வேறு யாராவது கிண்டட்டும். ட்ரீனா பையை மாட்டிக்கொண்டாள், பிளாஸ்க்கைப் பையின் பக்கவாட்டில் செருகிக்கொண்டாள். நிறுத்தத்தில் பேருந்து நின்றது, கதவு திறந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைத் தாண்டி நடந்தோம். வயல்களில் சோளம் இரண்டு விரல் உயரத்துக்கு முளைத்திருந்தது. முதல் வகுப்பு முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தோம். மறுநாளும் நடந்தோம். அதற்கு மறுநாளும்.

நேற்று நீதிமன்றத்திலிருந்து மறுபடியும் சம்மன் வந்தது. இந்த முறை ட்ரீனாவின் பெயருக்கு இல்லை. அவள் தகப்பனின் முழுப் பொறுப்பில் இருக்கும் பிள்ளை, அவள்மேல் எந்தக் குற்றமும் கிடையாது, அவளை எங்கேயும் கொண்டுபோக முடியாது. குற்றமெல்லாம் டுவைட்டின் மேல். மகள் தினமும் தாமதமாக வர உடந்தையாக இருக்கிறாராம். நிரூபிக்கப்பட்டால் சிறைத்தண்டனை என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

ட்ரீனா அதை இரண்டு தடவை படித்தாள்.

"அப்பா பாவம்மா. நமக்காக இவரு ஜெயிலுக்குப் போகணுமா?"

"போகட்டும்டி. ஊர்ப் பிள்ளைங்க லேட்டா வந்ததுக்கெல்லாம் திட்டு வாங்கினவருதானே."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் ஆஜராக வேண்டும். நாங்கள் நடந்துதான் கூட்டிப்போகப் போகிறோம். தாமதமாகத்தான் போய்ச் சேருவோம். வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டத் தொடங்கிவிட்டார், லைலாக் பூத்து முடிந்துவிட்டது. ஏன் தாமதம் என்று நீதிபதி கேட்பார். இந்த முறையும் டுவைட்டைத்தான் கேட்பார். ஆனால் பதிலை நான்தான் சொல்லப் போகிறேன்.

ரோட்ல பனி.